பல்பைக் கழற்றி வைத்த வீடு

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்க அதையே தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "சார்ஜ் போட்டீங்க, சரி. அதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனுக்குள் குனிந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுவருக்குச் சுவர் பிளக் வைத்த வீட்டில் பிறந்தவர்கள். நாங்களோ மழை விட்டதிலிருந்து பொங்கல் நெருங்கும்வரை, வீட்டில் இருந்த ஒரே பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து பேட்டரிச் செல்லுக்குக் கரண்ட் ஊட்டியவர்கள்.

எண்பதுகளில், தாராவியில், எங்களுக்கு இருந்தது ஒரே அறை. கீழே அப்பா, அம்மா, நான். மேலே பலகை அடித்த பரணில் சித்தப்பாவும் சித்தியும். அப்பா தோல் பட்டறையில் பெல்ட் தைத்தார். சித்தப்பா பரேல் பக்கம் ஒரு மில்லில் எலெக்ட்ரிக் வேலை பார்த்தவர். மில் மூடிக்கிடந்ததால் பங்கார் குடோனில் கூலிக்குப் போனார். பங்கார் என்றால் நம் ஊர் காயலான் சரக்குதான். கம்பி வேறு, பிளாஸ்டிக் வேறு என்று நாளெல்லாம் பிரிக்க வேண்டும். வேலை இருக்கிற நாளில் கூலி உண்டு, இல்லாத நாளில் வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கலாம்.

சித்தி கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள். பாவாடை கட்டிய வயதிலிருந்து பீடி சுற்றியவள். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சித்தப்பாவிடம் சொன்னார்.

"தை பொறக்கட்டும். அதுக்குள்ள நெலையா ஒரு வேல கெடைக்கலன்னா ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. கோவத்துல சொல்லல. எனக்கும் முடியணும்லா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். சித்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மறுநாள் குழாயடியில் அம்மாவிடம், "அக்கா, ஊருக்குப் போயி எனக்கு அந்தச் சொளவ இனி மடியில வைக்க முடியாதுக்கா. எங்கம்மா இருமி இருமியே செத்தா" என்றாள். நான் பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நின்றேன். சொளவு என்றால் வீட்டில் அரிசி புடைக்கிற முறம். அதில் பீடி இலையையும் தூளையும் பரப்பி மடியில் வைத்துத்தான் அங்கே பெண்கள் பீடி சுற்றினார்கள். அதை நினைத்து ஒருத்தி ஏன் இப்படி நடுங்குகிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

இனி கரண்ட் கதை. எங்கள் சந்தில் மீட்டர் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரியை எல்லோரும் மீட்டரக்கா என்போம். அவள் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஒயர் போகும். ஒரு பாயிண்ட், ஒரு பல்பு, அதுதான் சட்டம். இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எதையாவது சொருகினால் ஒயரைப் பிடுங்கிவிடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மெயினைப் போடுவாள், விடிந்ததும் அணைப்பாள். போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நடை நடப்பாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் பார்வை ஒரு முறை உள்ளே போய்த் திரும்பும். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைவிட அவளிடம்தான் பயம்.

அந்த மழைக்காலத்தில்தான் குடோனுக்கு வந்த ஒரு மூட்டையில் சித்தப்பா அதைக் கண்டுபிடித்தார். யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளை சலித்துத் தூக்கிப்போட்ட விமானம். இன்ஜின் கிடையாது, காற்றில் மிதக்கிற வகை. இறக்கை ஒடிந்து, வால் பிய்ந்து கிடந்தது. கூடவே அதை ஓட்டுகிற பெட்டி. டிபன் டப்பா அளவில் வெள்ளி நிறம், நீட்டி மடக்குகிற ஏரியல், இரண்டு சின்னக் குச்சிகள். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு முள். முள் பச்சையில் நின்றால் பெட்டிக்குள் பலம் இருக்கிறது, சிவப்புக்குப் போனால் இல்லை. கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பட்டத் தாளும் மூங்கில் சீவலும் வைத்து இறக்கையை ஒட்டினார். பெட்டிக்குள் இருந்த செல்கள் உப்புப் பூத்துச் செத்திருந்தன. இது கடையில் வாங்கித் தீர்ந்ததும் எறிகிற செல் இல்லை, திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிற செல். குடோனில் கிடந்த பழைய மிஷின்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தார். ஈயம் வைத்து வரிசையாகப் பற்றவைத்து, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, பெட்டிக்கு ஒரு கட்டு, விமானத்துக்கு ஒரு சின்னக் கட்டு என்று செய்தார். சார்ஜரும் அவரே செய்ததுதான். பழைய டிரான்ஸ்பார்மரை அலுமினியச் சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, மூடியில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு வைத்தார். அந்தச் சோப்பு டப்பா பிற்பாடு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. இன்றும் எந்தக் கடையில் அலுமினிய டப்பாவைப் பார்த்தாலும் மூடியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

ஆனால் சொருக இடம்? இருந்தது ஒரே பாயிண்ட். பல்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பிளக்கை மாட்டி, அதிலிருந்து ஒயரை இறக்கினார். சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டிய செல் அது. பெட்டிக் கட்டு நிறைய இரண்டு ராத்திரி ஆகும், சின்னக் கட்டுக்கு ஒன்று போதும். வேடிக்கை என்னவென்றால் பல்பு தின்கிற கரண்டில் கால்வாசிகூட அது தின்னாது. மீட்டரக்காவுக்கு லாபம்தான். ஆனால் அதை யார் அவளிடம் போய் விளக்குவது? சட்டம் சட்டம்தான். அதனால் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மண்ணெண்ணெய்ச் சிம்னியைத் திரி இறக்கி வைத்து, தடவித் தடவிச் சோறு தின்றோம். அப்பாவுக்கு மீன் முள் குத்தும்போதெல்லாம் சித்தப்பாவுக்குத் திட்டு விழும்.

எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. சோப்பு டப்பா மூடியில் அந்தச் சிவப்புப் புள்ளி அசையாமல் எரியும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒயர் வழியாக இறங்கி, இந்தக் கறுப்பு டியூப் கட்டுக்குள் போய்க் குடியிருக்கிறது, நாளைக்கு வானத்தில் ஒன்றைத் திருப்பப் போகிறது என்று சித்தப்பா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இன்றைக்கு அதன் ரசாயனத்தைப் படித்துத் தெரிந்துகொண்டுவிட்டேன். அதனால் ஆச்சரியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

செல் நிறைந்துவிட்டதா என்று பார்க்க எங்களிடம் கருவி இல்லை. நிறைந்தால் லேசாகச் சூடேறும், அவ்வளவுதான். சித்தப்பாவின் விரல்கள் மில்லில் காய்ப்பேறியவை, சூடு பிடிபடாது. சித்திதான் செல் கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்துவிட்டு, "இன்னும் இல்ல" என்பாள். அல்லது, "போதும், எடுங்க" என்பாள். என் கன்னத்திலும் வைப்பாள். ரப்பர் வாசனையும் ஈய வாசனையும் அடிக்கும். அந்த இளஞ்சூடு என் கன்னத்தில் இன்னும் இருக்கிறது என்றால் சிரிக்காதீர்கள்.

முதல் முறை பறக்கவிட்டது மாஹிம் காடி என்கிற கடல் கழி ஓரத்தில், குப்பை மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இது பட்டம் மாதிரிதான் ஏறும். நைலான் கயிற்றின் ஒரு முனையை விமானத்தின் வயிற்றுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். மேலே போனதும் கயிறு தானாகக் கழன்று விழும். ஓடுகிறவர் கையில் பெட்டி இருக்க முடியாது. அதனால் சித்தப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சித்தி கையில் கொடுத்தார். வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

சித்தப்பா ஓடினார். வெள்ளை இறக்கை எழும்பியது, கயிறு விழுந்தது. குச்சிகளின் மேல் சித்தியின் கட்டைவிரல்கள் இருந்தன. இலைக்குள் தூளை வைத்து, கிழியாமல், இறுகாமல் உருட்டிப் பழகிய விரல்கள். மயிரிழை அசைத்தாள். விமானம் சாய்ந்தது. குப்பை மேட்டுக்கு மேலே எப்போதும் வட்டமிடுகிற பருந்துகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே போய் இதுவும் வட்டமிடத் தொடங்கியது. பருந்துகள் விலகவில்லை. ஒரு சத்தம் இல்லை. குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தவள் ஒரு ஈ உள்ளே போகும்வரை மூடவில்லை.

"ஏட்டி, நீ ஓட்டுதியா, இல்ல அதுவா போகுதா?" என்று சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"பேசாதிய" என்றாள் சித்தி. அவள் சித்தப்பாவை அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு சார்ஜ் போடுவது வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கேற்றபடி இருட்டும். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு தூக்குவாளி நிறையச் சாம்பாரும் சோறும் கொண்டுவந்து நீட்டினாள். அடுத்த நாள் மீட்டரக்கா வீட்டிலிருந்தே கருவாட்டுக் குழம்பு வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் மெதுவாகக் கண்டுபிடித்தாள். எங்கள் சந்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வீடு இருட்டாகக் கிடந்தால் ஒன்று சாவு, இல்லையென்றால் பட்டினி. சாவு விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஆகவே பட்டினி.

உண்மையைச் சொன்னால் ஒயர் போய்விடும். அதனால் அம்மா குழம்பை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குக்கா செரமம்?" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். குழம்பு பிரமாதமாக இருந்தது. அப்பாதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் ஒழைச்சுக் கொண்டாறேன். ஊரே எனக்குப் பிச்ச போடுது. இந்தப் பொம்மைக்காவ."

தை வர ரொம்ப நாள் இல்லை. சித்தியின் தகரப்பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கியிருந்ததையும் அதில் துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு வழி வந்தது. சித்தப்பாவோடு மில்லில் இருந்த ஒருவர் செம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேனாகச் சேர்ந்திருந்தார். காடி ஓரத்தில் விமானம் பறந்ததை ஒரு ஞாயிறு பார்த்துவிட்டு அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒரு படத்துக்குத் தூரத்தில் ஒரு விமானம் வட்டமிட்டு இறங்குகிற மாதிரி ஒரு ஷாட் வேண்டும். செம்பூருக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் எடுப்பார்கள். நன்றாக வந்தால் டிரிக் வேலைப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்பாகூட அதைக் கேட்டுவிட்டு, "பாரு" என்றார். அவர் அப்படிச் சொன்னால் ஆசீர்வாதம் என்று அர்த்தம்.

ஷாட்டுக்கு முந்தின இரண்டு ராத்திரி பெட்டிக் கட்டுக்கு. சின்னக் கட்டு முன்னாடியே நிறைந்து தயாராக இருந்தது. முதல் ராத்திரி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் நாள் பார்த்து முலுண்டில் அத்தை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் வீட்டுக்காரர்கள் நாங்கள், போகாமல் இருக்க முடியாது. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே லோக்கல் பிடித்தோம். கட்டைச் சார்ஜரில் மாட்டிவைத்து, பிளக்கை ஹோல்டரில் மாட்டிவைத்துவிட்டுத்தான் சித்தி வெளியே வந்தாள். மீட்டரக்கா மெயினைப் போட்டதும் அதுவே ஏறிக்கொள்ளும். குழாயில் சாயங்காலம் தண்ணீர் வந்தால் பிடித்து வைக்கட்டும் என்று அம்மா வழக்கம்போல ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரிடம் கொடுத்தாள் என்று கேட்கிறீர்களா? அந்தச் சந்தில் எல்லா வீட்டுச் சாவியும் மீட்டரக்காவிடம்தான்.

முலுண்டில் தங்கிவிட்டு முதல் வண்டியில் திரும்பினோம். சந்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் வெளிச்சம். திறந்தால் புத்தம்புதுப் பல்பு ஜம்மென்று எரிகிறது. ஒயரும் சோப்பு டப்பாவும் கட்டும் பத்திரமாகச் சுருட்டி டிரங்குப்பெட்டி மேல் வைக்கப்பட்டிருந்தன. மெயின் போடுவதற்கு முந்தியே தண்ணீர் பிடிக்க வந்த மீட்டரக்கா அண்ணாந்து பார்த்திருக்கிறாள். பல்பே இல்லை. பாவம், பல்பு வாங்கக்கூட வக்கில்லாமல் இருட்டில் கிடக்கிறார்கள் என்று நினைத்து, தன் காசில் ஒரு பல்பு வாங்கி, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சிவப்பு விளக்கு எரியாமல் தொங்கிக்கொண்டிருந்த டப்பா அவளுக்குச் சித்தப்பா குடோனிலிருந்து கொண்டுவந்த ஏதோ பங்கார் சாமான்.

சித்தி கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"பச்சத் தண்ணியா இருக்கு" என்றாள்.

சித்தப்பா பெட்டியில் மாட்டி ஒரு கணம் சுவிட்சைப் போட்டார். முள் எழும்பி, பச்சையும் சிவப்பும் சேர்கிற இடத்தில் நின்றது. உடனே அணைத்தார். விடிந்துகொண்டிருந்தது. சந்தில் மெயினை அணைக்கிற நேரம். எங்கள் தலைக்கு மேல் அந்தப் புதுப் பல்பு பட்டென்று அணைந்தது.

"நாளைக்கி வாறோம்னு சொல்லிப் பாப்பமா?" என்றார் சித்தப்பா.

"சினிமாக்காரன் நமக்காவ நிப்பானா? ஒரு தடவைக்கு வரும். போவோம்" என்றாள் சித்தி.

இறக்கையை அம்மாவின் சேலையில் சுற்றி, சயானிலிருந்து பஸ்ஸில் போனோம். இறக்கைக்குத் துணையாக நானும். கண்டக்டர், "யே க்யா ஹை?" என்று கேட்டார். சித்தப்பா என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் சித்தி, "பச்சே கா பாள்ணா" என்றாள். தொட்டிலாம். கண்டக்டர் என்னையும் நீளமான மூட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணிக்கயிற்றை இழுத்தார்.

உப்பளம் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாகக் கிடந்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் சேற்று வரப்பு, மேலே பருந்துகள். கேமராவைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வெயில் வரட்டும் என்றார்கள். வந்தது. மேகம் வரட்டும் என்றார்கள். அதுவும் வந்தது. தொப்பி போட்ட உதவி டைரக்டர் ஒருவர், ஒரு தடவை பறக்கவிட்டுக் காட்டு, ரிகர்சல் பார்க்கலாம் என்று இந்தியில் சொன்னார். சித்தப்பா பெட்டியை எடுக்கப் போனார். சித்தி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரிகர்சல் நஹி" என்றாள்.

தொப்பிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தப் பொம்பளை யார் என்று கேட்டார். அங்கேதான் சித்தப்பாவின் வேலை ஊசலாடியது. அவர் ஏதாவது மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை.

"ஓட்டுறது இவதான் சாப். மே சிர்ஃப் ரஸ்ஸி கீஞ்ச்தா." நான் கயிறு இழுக்கிறவன் மட்டும்தான் என்று தன் இந்தியில் சொல்லிவிட்டார்.

சிலர் சிரித்தார்கள். தலை நரைத்த கேமராமேன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சித்தியின் கையைப் பார்த்துக்கொண்டே, ஆரம்பிக்கலாம் என்று விரலைக் காட்டினார்.

சித்தப்பா வரப்பில் ஓடினார். விமானம் ஏறியது, கயிறு விழுந்தது. கேமரா உறுமத் தொடங்கியது. ஒரு பருந்து கிட்டே வந்து பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டது போலக் கூடவே வட்டமிட்டது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் பெட்டியின் கண்ணாடி ஜன்னலுக்குள் இருந்த முள்ளைப் பார்த்தேன். அது சிவப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

விமானம் ஒரு முறை குலுங்கியது. சித்தி குச்சியைச் சாய்த்தாள், அது கேட்கவில்லை. பெட்டியில் பலம் குறைந்தால் அது பேசுவது தூரத்துக்கு எட்டாது. சித்தப்பா தூரத்தில் கயிறும் கையுமாக நின்றுவிட்டார். அப்போது சித்தி நடக்கத் தொடங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பை விட்டு இறங்கி, உப்புத் தண்ணீருக்குள். கண் கீழே வரவே இல்லை. அண்ணாந்தபடி, ஏரியலை நீட்டியபடி, விமானத்துக்கு நேர் கீழே போய்ச் சேரும்வரை நடந்தாள். முழங்கால் வரை தண்ணீர். அங்கே நின்று மறுபடி கட்டைவிரலை அசைத்தாள்.

விமானம் அவள் சொல்லைக் கேட்டது. அவள் தலைக்கு மேலே அப்படியே சாய்ந்து ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம், இன்னும் கீழே. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. கீழே தண்ணீரிலும் ஒரு வெள்ளை விமானம் அவளைச் சுற்றி வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்து நின்றேன். சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அது வரப்பை ஒட்டிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து வழுக்கி இறங்கியது. முள் அடியில் படுத்துவிட்டது.

"ஒன் மோர்" என்றது ஒரு குரல். எங்கள் மூன்று பேருக்கும் உயிரே போய்விட்டது.

கேமராமேன் நிமிர்ந்து, "நஹி. மில் கயா" என்றார். கிடைத்துவிட்டது. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு வா என்றார். தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த சித்தியைக் காட்டி, "தோனோ" என்றார். இரண்டு பேரும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் புதுப் பல்பு எரிந்தது. யாரும் கழற்றவில்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அப்பிடின்னா தகரப்பெட்டிய மறுபடி பரண்ல ஏத்திரு" என்று அம்மாவிடம் சொன்னார். சித்தி சுவரோரம் உட்கார்ந்து கால் வெடிப்பிலிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மீட்டரக்கா தன் நடையில் எங்கள் வாசலுக்கு வந்தாள். வழக்கமான பார்வையை உள்ளே விட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு. நான் போட்ட பல்புதான?"

சித்தப்பா வாயைத் திறந்தார். சித்தி முந்திக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஆமாக்கா. நீங்க போட்டதுதான். நல்லா எரியுது."

"கஷ்டம்னா வாயத் தெறந்து சொல்லணும் பிள்ள. இனிமே இந்த வீடு இருட்டாக் கெடந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"கெடக்காதுக்கா" என்றாள் சித்தி. சொன்னபடிதான் நடந்தது. திங்கட்கிழமையிலிருந்து சார்ஜெல்லாம் ஸ்டூடியோவில்.

அக்காவின் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் சித்தப்பா, "நம்ம சோலியையே முடிக்கப் பாத்த பல்பு. அதுக்குப் போயி நல்லா எரியுதுன்னு சொல்லுதியே?" என்றார்.

"வெளிச்சம் குடுக்கணும்னுதான வந்தாவ. அவியகிட்டப் போயி என்னத்தச் சொல்ல?" என்றாள் சித்தி.

வானத்தில் பருந்துகளோடு பருந்தாக ஒன்று பறந்ததைப் பார்த்தவள் நான். அதற்குச் சமமாக இந்தப் பதிலையும் எனக்குள் வைத்திருக்கிறேன். அம்மா தட்டுகளைப் பரப்பினாள். அன்றைக்கும் மீன்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.